வாக்கும் எல்லையும்

நுழையும்முன்

தேர்தல் என்றதும் வேட்பாளர், சின்னம், வெற்றி, தோல்வி ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவை அனைத்திற்கும் முன்பாகவே ஒரு வினாவிற்கு விடை காணப்பட்டுவிடுகிறது. யார் யாரோடு சேர்ந்து வாக்களிப்பது என்பதே அவ்வினா. அதற்கான விடைதான் தொகுதி. தொகுதியின் எல்லை எவ்வாறு அமைகிறது, அவ்வெல்லைக்குள் வாழும் பலதிறப்பட்ட மக்களுக்காக ஒருவர் எவ்வாறு பேச முடியும் என்பவற்றைத் திருச்சிராப்பள்ளியையும் திருவரங்கத்தையும் களமாகக் கொண்டு இப்பாடம் ஆராய்கிறது.

கண்ணுக்குத் தெரியாத கோடுகள்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கே நோக்கினால் முதலில் காவிரி தெரியும். அதற்கு அப்பால் தென்னைகளுக்கு மேலே திருவரங்கத்தின் இராசகோபுரம் உயர்ந்து நிற்கும். அதற்கும் அப்பால் கொள்ளிடம் விரிந்து கிடக்கும். முக்கொம்பில் பிரியும் இவ்விரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட நிலமே திருவரங்கத் தீவு. 'அரங்கம்' என்னும் சொல்லுக்கே ஆற்றிடைக்குறை என்னும் பொருள் உண்டு. ஊரின் எல்லையை இங்கு ஆறே வகுத்திருக்கிறது; ஊரின் பெயரும் அதனைச் சொல்கிறது.

இயற்கை வரைந்த இந்த எல்லை கண்ணுக்குத் தெரிகிறது. அதே நிலத்தின்மீது மக்களாட்சி வரைந்துள்ள எல்லைகளோ கண்ணுக்குத் தெரிவதில்லை. திருவரங்கத்தில் வாழும் ஒருவர் ஒரே நேரத்தில் மூன்று எல்லைகளுக்குள் வாழ்கிறார். 65 வட்டங்களைக் கொண்ட திருச்சிராப்பள்ளி மாநகராட்சியில் அவருக்கு ஒரு வட்டம் உண்டு. தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளுள் 139ஆம் எண்ணுடைய ஸ்ரீரங்கம் தொகுதி அவருடையது. நாடாளுமன்றத்திற்கோ அவர் திருச்சிராப்பள்ளி மக்களவைத் தொகுதியின் வாக்காளர். தெருவிளக்கு எரியவில்லை என்றால் ஒருவரிடம், ஊருக்கு அரசுக் கல்லூரி வேண்டுமென்றால் இன்னொருவரிடம், தொடர்வண்டி நிற்க வேண்டுமென்றால் மற்றொருவரிடம் அவர் முறையிடுகிறார்.

இவ்வெல்லைகள் ஒன்றோடொன்று பொருந்தி அமைவதில்லை. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் 9 சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. அவற்றுள் ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி மேற்கு, திருச்சிராப்பள்ளி கிழக்கு, திருவெறும்பூர் ஆகிய நான்கு மட்டுமே திருச்சிராப்பள்ளி மக்களவைத் தொகுதியில் அடங்கும். அண்டை மாவட்டத்தைச் சேர்ந்த புதுக்கோட்டையும் கந்தர்வக்கோட்டையும் அவற்றோடு சேர்க்கப்பட்டுள்ளன. கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள மண்ணச்சநல்லூரும் இலால்குடியும், முசிறி, துறையூர் ஆகியவற்றோடு சேர்ந்து பெரம்பலூர் மக்களவைத் தொகுதிக்குச் செல்கின்றன. மணப்பாறை கரூர் மக்களவைத் தொகுதியில் இடம்பெறுகிறது. கொள்ளிடப் பாலத்தைக் கடந்து நாள்தோறும் ஒரே கல்லூரிக்கு வரும் இருவர் வெவ்வேறு நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஒருவரையொருவர் அறியாத திருவரங்கத்தாரும் கந்தர்வக்கோட்டையாரும் ஒரே உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

'தொகு' என்னும் வினையிலிருந்து பிறந்தது தொகுதி. தாமாகச் சேர்ந்திராதவர்களை ஒன்றுசேர்ப்பதே தொகுத்தல். அச்செயல் நன்கு நடந்ததா, தவறாக நடந்ததா என்பதைப் பொறுத்தே ஒருவருடைய வாக்கின் வலிமை அமைகிறது.

குடவோலை முதல் வாக்குப்பொறி வரை

தம்முள் சிலரைத் தேர்ந்து பொறுப்பளிக்கும் வழக்கம் தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. குடத்திலிருந்து ஓலை எடுக்கும் முறை அகநானூற்றின் 77ஆம் பாடலில் உவமையாக இடம்பெறுகிறது. உவமை என்பது கேட்போர் அறிந்த ஒன்றைக் கொண்டே கூறப்படுவது. எனவே, அம்முறை அக்கால மக்களுக்கு நன்கு பழகியதாக இருந்திருக்க வேண்டும்.

அம்முறை நடந்த விதத்தை விரிவாகக் கூறுபவை உத்திரமேரூர்க் கல்வெட்டுகள். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் அவை பொறிக்கப்பட்டன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்பு என்பது இன்றைய வட்டத்தைப் போன்றது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. சிறுவன் ஒருவன் எடுக்கும் ஓலையில் உள்ள பெயருக்குரியவரே குடும்பின் சார்பில் பொறுப்பேற்றார். ஏரி வாரியம், தோட்ட வாரியம் போன்ற குழுக்கள் இவ்வாறு அமைந்தன. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் பொறுப்புக்கு வர முடியாது என்னும் விதி இன்றும் நம்மை வியக்க வைக்கிறது.

எனினும் அம்முறையின் குறையையும் நாம் மறைத்தல் கூடாது. வரி செலுத்தும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரையிலான அகவை, மறைநூற் கல்வி ஆகியவை அங்குத் தகுதிகளாயின. நிலமில்லாத உழவரின் பெயரோ பெண்ணின் பெயரோ அந்தக் குடத்திற்குள் செல்லவில்லை. ஏரியைத் தூர்வாரியவர் ஏரி வாரியத்தில் இல்லை.

ஆங்கிலேயர் ஆட்சியிலும் இந்நிலை முழுமையாக மாறவில்லை. 1920இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்திற்குத் தேர்தல் நடந்தபோது, சொத்தும் வரியும் வாக்குரிமையை வரையறுத்தன. 1921இல் சென்னை மாகாணப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். அவர்களும் அத்தகுதிகளுக்கு உட்பட்டே வாக்களிக்க முடிந்தது. விடுதலைக்குப் பின் 1951–52இல் நடைபெற்ற முதல் பொதுத்தேர்தலில்தான் 21 அகவை நிரம்பிய ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு என்னும் நெறி நடைமுறைக்கு வந்தது. செல்வர்க்கும் கூலித்தொழிலாளிக்கும், கற்றவர்க்கும் கல்லாதவர்க்கும் ஒரே எடையுள்ள வாக்கு கிடைத்தது. அத்தேர்தலில் திருச்சிராப்பள்ளி மக்களவைத் தொகுதி, கட்சி சாராத எட்வர்டு பால் மதுரம் என்பவரைத் தேர்ந்தெடுத்தது.

ஒரு பெயர், பல நிலங்கள்

ஸ்ரீரங்கம் தொகுதி என்னும் பெயரைக் கேட்டதும் கோபுரமும் திருவீதிகளும் மார்கழி மாதத்து வைகுண்ட ஏகாதசித் திரளுமே மனத்தில் தோன்றும். ஆனால், தொகுதியின் எல்லை தீவோடு நின்றுவிடவில்லை. 2008ஆம் ஆண்டின் தொகுதி மறுவரையறைக்குப் பின், தீவின் நகரப்பகுதியோடு காவிரிக்குத் தெற்கேயுள்ள அந்தநல்லூர், மணிகண்டம் ஒன்றியங்களின் ஊர்களும் மணப்பாறைப் பக்கத்துச் சிற்றூர்களும் இத்தொகுதியில் சேர்ந்துள்ளன. கோயில் நகரத்தின் பெயரைத் தாங்கினாலும், பரப்பில் இது பெரிதும் சிற்றூர்களின் தொகுதியாகும்.

இம்மக்களின் தேவைகள் ஒன்றல்ல. விழாக்காலத்தில் பல்லாயிரவர் வந்து கூடும் திருவரங்கத்திற்குக் கழிவுநீர் வடிகாலும் போக்குவரத்து ஒழுங்கும் குடிநீரும் வேண்டும். நெல்லும் வாழையும் விளையும் காவிரிக்கரை ஊர்களுக்கு வாய்க்காலில் உரிய காலத்தில் நீர் வர வேண்டும். வாழைத்தாருக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்க வேண்டும். மழையையும் ஏரியையும் நம்பியிருக்கும் தெற்குப்பகுதி மேட்டுநில ஊர்களுக்குப் பேருந்து வேண்டும். கோடையில் குடிநீர் வேண்டும். ஏரிக்கு வரும் நீர்வழியில் ஆக்கிரமிப்பு இல்லாதிருக்க வேண்டும்.

சட்டமன்றத்தில் இத்தொகுதிக்கு ஓர் இருக்கைதான் உண்டு. ஒரு துறையின் மானியக் கோரிக்கை மீது பேச உறுப்பினருக்குக் கிடைப்பவை சில நிமிடங்கள். அந்நிமிடங்களில் அவர் எந்த ஊரின் குறையை எடுத்துரைப்பார்? வாக்குகள் மிகுந்த பகுதியின் குரலை மட்டும் எதிரொலித்தால் மற்றப் பகுதிகள் தொகுதியில் இருந்தும் இல்லாதவையாகிவிடும். புகழ்பெற்ற ஊருக்கு மட்டும் முன்னுரிமை தந்தால் பெயரில்லாத ஊர்கள் பின்தங்கிவிடும். சார்பாண்மையின் உண்மையான சோதனை இங்குதான் தொடங்குகிறது.

எல்லையை வரைபவர் யார்?

எல்லையை மாற்றினால் தேர்தலின் முடிவையும் மாற்றிவிடலாம் என்பதை உலகம் முன்பே கண்டிருக்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களுக்குச் செனட் எனப்படும் மேலவை உண்டு. 1812இல் மசாசூசெட்சு மாநிலத்தின் ஆளுநராக இருந்த எல்பிரிட்ஜ் கெர்ரி, தம் கட்சிக்குச் சாதகமாகச் செனட் தொகுதிகளை வரையறுத்த சட்டத்தில் கையொப்பமிட்டார். அவற்றுள் ஒன்று வளைந்து நெளிந்து சாலமாண்டர் என்னும் பல்லி போன்ற உயிரியின் உருவில் அமைந்தது. கெர்ரியின் பெயரையும் அவ்வுயிரியின் பெயரையும் இணைத்துச் செய்தித்தாள் ஒன்று 'கெர்ரிமாண்டர்' எனக் கேலிப்படம் வெளியிட்டது. கட்சி நலனுக்காக எல்லையை வளைக்கும் செயலுக்கு அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

எல்லையை மாற்றாமல் விட்டுவிடுவதாலும் அநீதி விளையும். அலபாமா மாநிலத்தில் பல்லாண்டுகளாகத் தொகுதிகள் திருத்தப்படவில்லை. ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த ஜெபர்சன் கவுண்டிக்கு ஒரு செனட்டர். ஏறத்தாழ 15,000 பேர் வாழ்ந்த லோண்ட்ஸ் கவுண்டிக்கும் ஒரு செனட்டர். அங்கு ஒருவரின் வாக்கு, இங்கு நாற்பது பேரின் வாக்குக்கு நிகராயிற்று. 1964இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதனை ஏற்க மறுத்தது. உறுப்பினர் சார்பாக நிற்பது மக்களுக்கே. மரங்களுக்கோ நிலப்பரப்புக்கோ அல்ல என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இந்தியாவில் ஆளுங்கட்சியோ சட்டமன்றமோ எல்லையை வரைவதில்லை. நாடாளுமன்றச் சட்டத்தின்படி அமையும் தொகுதி மறுவரையறை ஆணையம் அப்பணியைச் செய்கிறது. 2002இல் நீதியரசர் குல்தீப் சிங் தலைமையில் அமைந்த ஆணையம் 2001ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டு எல்லைகளைத் திருத்தியது. இன்றைய ஸ்ரீரங்கம் தொகுதி அவ்வாறு உருவானதே.

மாநிலத்திற்குள் எல்லைகள் மாறினாலும் மாநிலங்களுக்குரிய மக்களவை இடங்களின் எண்ணிக்கை 1971ஆம் ஆண்டின் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டு நிறுத்தி வைக்கப்பட்டது. 1976இல் 42ஆவது திருத்தம் இதனைச் செய்தது. 2001இல் 84ஆவது திருத்தம், 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை அதனை நீட்டித்தது. குடும்பநலத் திட்டத்தைச் சிறப்பாகச் செயல்படுத்திய மாநிலங்கள் அதனாலேயே தம் இடங்களை இழந்துவிடக் கூடாது என்பது இதன் நோக்கம். தமிழ்நாட்டிற்கு இது வெறும் எண்ணிக்கைச் சிக்கல் அன்று. 1962இல் சென்னை மாநிலத்திற்கு இருந்த 41 மக்களவை இடங்கள் 1967இல் 39 ஆகக் குறைந்தன. அவ்வெண்ணிக்கையே இன்றும் தொடர்கிறது.

இவ்விடத்தில் இரண்டு நியாயங்கள் எதிரெதிரே நிற்கின்றன. ஒவ்வொருவர் வாக்குக்கும் சம மதிப்பு வேண்டும் என்பது ஒன்று. நாட்டின் கொள்கையை ஏற்று நடந்த மாநிலத்தின் குரல் தாழ்ந்துவிடக் கூடாது என்பது மற்றொன்று. இரண்டையும் நிறுத்துப் பார்க்கும் பொறுப்பு இன்றைய மாணவரான நாளைய வாக்காளரைச் சேரும்.

தெரிந்து தெளிவோம்

தமிழ்நாட்டிலும் ஒரு காலத்தில் சட்டமன்ற மேலவை இருந்தது. பட்டதாரிகள், ஆசிரியர்கள், உள்ளாட்சி அமைப்பினர், சட்டமன்றப் பேரவை உறுப்பினர்கள் ஆகியோர் தனித்தனியே அதற்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தனர்; சிலரை ஆளுநர் நியமித்தார். வாழும் இடத்தால் அன்றி, கல்வியாலும் பணியாலும் மக்களைத் தொகுத்த முறை அது. 1986 நவம்பர் 1 அன்று மேலவை நீக்கப்பட்டது.

வெற்றிருக்கை

உறுப்பினரின் அருமை அவர் இல்லாதபோதுதான் தெளிவாகப் புலப்படும். 2011 மே மாதம் திருச்சிராப்பள்ளி மேற்குத் தொகுதியின் உறுப்பினர் சாலை விபத்தில் உயிரிழந்தார். அக்டோபர் 13 அன்று அங்கு இடைத்தேர்தல் நடைபெற்றது. ஸ்ரீரங்கம் தொகுதியின் இருக்கை, அதன் உறுப்பினர் சட்டப்படி தகுதியிழந்ததால் 2014 செப்டம்பரில் வெற்றிடமாயிற்று. 2015 பிப்ரவரி 13 அன்று இடைத்தேர்தல் நடந்தது. ஆறு மாதங்களுக்குள் வெற்றிடத்தை நிரப்ப வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் பொதுவிதி.

இடைப்பட்ட மாதங்களில் அரசு அலுவலகங்கள் இயங்கின. பள்ளிகளும் மருத்துவமனைகளும் நடந்தன. ஆயினும் அத்தொகுதி மக்களின் சார்பில் அவையில் எழுந்து வினாத் தொடுக்க ஒருவர் இல்லை. அதிகாரி ஆணையை நிறைவேற்றலாம். அவ்வாணை சரிதானா என்று மக்கள் பெயரால் கேட்கும் உரிமை உறுப்பினருக்கே உரியது. ஆறு மாதம் என்னும் வரம்பு, ஒரு தொகுதி குரலின்றி இருக்கத்தக்க காலத்திற்கு இடப்பட்ட வேலியாகும்.

யாருக்காகப் பேசுவது?

நம் தேர்தல் முறையில் மற்றவரைவிட ஒரு வாக்கு மிகுதியாகப் பெற்றவரே வெற்றி பெறுகிறார். ஓர் ஊரில் நூறு பேர் வாக்களித்ததாகக் கொள்வோம். மூன்று வேட்பாளர்கள் முறையே 40, 35, 25 வாக்குகள் பெற்றால் முதலாமவர் வென்றவராவார். எஞ்சிய 60 பேர் அவருக்கு வாக்களிக்கவில்லை. எனினும் அந்த அறுபதின்மருக்கும் அவரே உறுப்பினர். வாக்களிக்க வராதவருக்கும், வாக்களிக்கும் அகவை எய்தாத குழந்தைக்கும், பட்டியலில் பெயரில்லாத புலம்பெயர் தொழிலாளிக்கும் அவரே உறுப்பினர்.

'உறுப்பினர்' என்னும் சொல்லின் அடி 'உறுப்பு'. உடலின் உறுப்பு உடல் முழுமைக்கும் பணிசெய்கிறது; தனக்கு இனியதெனத் தோன்றும் பகுதிக்கு மட்டும் பணிசெய்வதில்லை. 'வாக்கு' என்னும் சொல்லும் எண்ணிப்பார்க்கத் தக்கது. அது மக்கள் இடும் தேர்தல் வாக்கையும் குறிக்கும்; பேசும் சொல்லையும் குறிக்கும். 'வாக்களித்தல்' என்பது வாக்கிடுவதும் ஆகும். உறுதிமொழி கூறுவதும் ஆகும். தேர்தல் நாளில் மக்கள் வாக்களிக்கின்றனர். அதற்கு முன்பே வேட்பாளர் வாக்களித்திருக்கிறார். ஒரே சொல் இருவரையும் பிணைக்கிறது.

மக்கள் சொல்வதை அப்படியே எடுத்துரைப்பவரா உறுப்பினர், தம் அறிவைக் கொண்டு முடிவெடுப்பவரா? 1774இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர வாக்காளர்களிடம் உரையாற்றிய எட்மண்டு பர்க், உறுப்பினர் தம் உழைப்பை மட்டுமன்றித் தம் தீர்ப்பறிவையும் மக்களுக்குத் தரக் கடமைப்பட்டவர் என வாதிட்டார். இக்கருத்தில் உண்மை உண்டு. ஆனால், மக்களிடம் கேளாமலே அறிந்துவிட்டதாக எண்ணும் அறிவு விரைவில் செருக்காக மாறிவிடும். வாய்க்கால் கடைமடையில் நீர் வரவில்லை என்பதை அங்கு வயல் வைத்திருப்பவரே முதலில் அறிவார். முதலில் செவிகொடுத்தல், பின்பு ஆராய்தல், அதன்பின் பேசுதல் என்னும் ஒழுங்கே இவ்விரண்டு கருத்துகளையும் இணைக்கும் பாலமாகும்.

சில குரல்கள் தொகுதி எல்லைக்குள் இருந்தும் அவையை எட்டாமல் போவதுண்டு. அதனாலேயே பட்டியலினத்தோர்க்கும் பழங்குடியினர்க்கும் தனித்தொகுதிகள் ஒதுக்கப்படுகின்றன. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் துறையூர் அத்தகைய ஒரு தனித்தொகுதி. தமிழ்நாட்டு உள்ளாட்சி அமைப்புகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு உரியவை. சட்டமன்றங்களிலும் மக்களவையிலும் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்க 2023இல் நிறைவேறிய 106ஆவது திருத்தம் வகைசெய்கிறது. உத்திரமேரூர்க் குடத்திற்குள் செல்லாத பெயர்கள் இவ்வாறு ஒவ்வொன்றாக உள்ளே வருகின்றன.

பதினெட்டின் வாயிலில்

1988இல் நிறைவேறிய 61ஆவது திருத்தம் வாக்களிக்கும் அகவையை 21இலிருந்து 18 ஆகக் குறைத்தது. பதினோராம் வகுப்பில் பயிலும் ஒருவருக்கு அந்த அகவை தொலைவில் இல்லை. 17 அகவை நிரம்பியவர்கள் பெயர் சேர்க்க முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். சனவரி 1, ஏப்ரல் 1, சூலை 1, அக்டோபர் 1 ஆகிய நான்கு நாள்களுள் எந்நாளில் 18 அகவை நிரம்பியிருக்கிறதோ அதனைக் கொண்டு பெயர் பட்டியலில் சேர்க்கப்படும். போட்டியிடும் எவரையும் ஏற்க மனமில்லாதவர் அதனைப் பதிவு செய்யவும் 2013 முதல் வாக்குப்பொறியில் இடமுண்டு.

வாக்களிப்பது ஒரு நாள் செயல். தம் உறுப்பினர் அவையில் என்ன பேசினார், எந்த ஊரைப் பற்றிப் பேசவில்லை என்று கவனிப்பது ஐந்தாண்டுச் செயல். கிராம சபையில் எழுந்து வினவுவதும், நிறைவேறாத உறுதிமொழியை நினைவூட்டுவதும், தம் தெருவுக்கு மட்டுமன்றித் தொகுதியின் மறுகோடியில் உள்ள ஊருக்காகவும் குரல் கொடுப்பதும் வாக்காளரின் கடமைகளே. உறுப்பினர் எல்லாருக்காகவும் பேச வேண்டுமென்றால், வாக்காளரும் எல்லாரையும் நினைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

மலைக்கோட்டை உச்சியிலிருந்து மீண்டும் ஒருமுறை வடக்கே நோக்குவோம். காவிரியும் கொள்ளிடமும் நிலத்தைப் பிரித்துச் செல்கின்றன. ஆனால், அவற்றின் நீர் இரு கரைகளையும் வளப்படுத்துகிறது. தொகுதியின் எல்லையும் அவ்வாறே அமைதல் வேண்டும். நிர்வாகத்திற்காக மக்களைப் பிரித்து வைத்தாலும், எல்லைக்குள் இருக்கும் எவரையும் அது குரலற்றவராக விட்டுவிடக் கூடாது.

சொல்லும் பொருளும்

ஆற்றிடைக்குறை – ஆற்றின் நடுவே அமைந்த நிலம்
குடும்பு – ஊரின் உட்பிரிவு
வாரியம் – ஊர்ப்பணிகளைக் கவனிக்கும் குழு
வேலி – பழைய நில அளவு
சார்பாண்மை – பிறர் சார்பில் நின்று செயற்படும் தன்மை
கடைமடை – பாசன வாய்க்காலின் இறுதிப் பகுதி

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் எந்த வட்டம், எந்தச் சட்டமன்றத் தொகுதி, எந்த மக்களவைத் தொகுதி ஆகியவற்றில் அடங்குகிறது என்பதை அறிந்து வரைபடம் ஒன்று வரைக.

2. உங்கள் தொகுதியின் வெவ்வேறு பகுதிகளில் வாழும் ஐவரிடம் அவர்களுடைய முதன்மைத் தேவையைக் கேட்டறிந்து, ஐந்தையும் உள்ளடக்கிய மூன்று நிமிடச் சட்டமன்ற உரை ஒன்றை எழுதி வகுப்பில் நிகழ்த்துக.

3. 'உறுப்பினர் மக்களின் கருத்தை அப்படியே எடுத்துரைக்க வேண்டும் – தம் அறிவின்படி முடிவெடுக்க வேண்டும்' என்னும் பொருளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

குறுவினா

1. 'அரங்கம்' என்னும் சொல் திருவரங்கத்தின் அமைப்பை எவ்வாறு உணர்த்துகிறது?
2. 'கெர்ரிமாண்டர்' என்னும் பெயர் தோன்றிய வரலாற்றைக் கூறுக.
3. 'வாக்களித்தல்' என்னும் சொல் உணர்த்தும் இரு பொருள்களை எழுதுக.

சிறுவினா

1. குடவோலை முறையின் சிறப்பையும் குறையையும் ஒப்பிட்டு எழுதுக.
2. உறுப்பினர் இல்லாத தொகுதி எதனை இழக்கிறது? எடுத்துக்காட்டுடன் விளக்குக.

நெடுவினா

'தொகுதி என்பது நிலத்தின் எல்லை மட்டுமன்று. வேறுபட்ட மக்களின் குரல்களைத் தொகுக்கும் பொறுப்பு' என்பதை ஸ்ரீரங்கம் தொகுதியைச் சான்றாகக் கொண்டு நிறுவுக.